நல்ல பாங்கியும் முறியும்!

நன்றாக நடக்கும் ஒரு பாங்கி வெறும் வதந்தியால் முறிந்து போகுமா?

போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் டக்ளஸ் டயமண்ட். அமெரிக்காவில், சிக்காகோ சர்வகலாசாலையில் நிதித் துறைப் பேராசிரியர். 1953-ல் அதே சிக்காகோவில் பிறந்தவர். யேல் சர்வகலாசாலையில் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். 1979-ல் சொந்த ஊரிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். 1983-ல் அவரும் பிலிப் டிப்விக் என்ற பொருளாதார நிபுணரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டுரை முழுவதும் கணிதம். ஆனால் விஷயம் எளிது.

முந்தியவருக்கே பணம்

ஒரு பாங்கியில் 100 பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 டாலர். பாங்கி 2,000 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு, மீதி 8,000 டாலரை வீடு கட்டுகிறவர்களுக்கும் தொழில் நடத்துகிறவர்களுக்கும் கடன் கொடுத்திருக்கிறது. அந்தக் கடன் திரும்பி வரப் பல வருஷம் ஆகும். பணம் போட்டவரோ எந்த நாளிலும் வந்து கேட்கலாம். தினம் நாலைந்து பேர் வந்தால் கவலை இல்லை.

திடீரென்று, "பாங்கி ஆட்டம் கண்டுவிட்டது" என்று யாரோ கிளப்பி விடுகிறார்கள். 100 பேரும் ஒரே நாளில் வாசலில் கூடிவிடுகிறார்கள். வேறு வழியின்றி, கடன் பத்திரங்களை வந்த விலைக்கு விற்கிறது பாங்கி. பாதி விலைதான் கிடைக்கிறது. அந்த 4,000 டாலருடன் கையிருப்பையும் சேர்த்தால் 6,000. முதலில் வந்த 60 பேருக்கு முழுப் பணம். பின்னால் நின்ற 40 பேருக்கு வெறுங்கை!

ஆகையால், வதந்தி பொய் என்று தெரிந்தவர்கூட ஓடத்தான் செய்வார். ஊரே ஓடும்போது சும்மா இருந்தால் நஷ்டம் அவருக்குத்தானே?

1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 பாங்கிகள் மூடப்பட்டன. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று.

இன்ஷூரன்ஸ்

பாங்கி முறிந்தாலும் பணம் கிடைக்கும் என்று சர்க்கார் உறுதி கூறுவதுதான் மருந்து. அமெரிக்காவில் 1934 ஜனவரி 1 முதல் இந்த இன்ஷூரன்ஸ் அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு 2,500 டாலர் வரை. ஜனங்கள் இதை நம்பினால் ஓடமாட்டார்கள். அவர்கள் ஓடாவிட்டால், வதந்தியால் பாங்கி முறியாது. உறுதி சொன்னவர் காலணாவும் கொடுக்க வேண்டியதில்லை! (இன்ஷூரன்ஸ் இருக்கும் தைரியத்தில் பாங்கிக்காரர்கள் சூதாடத் தொடங்கினால் வேறு கதை. அதற்குத்தான் மேற்பார்வை.)

2022 அக்டோபரில் டயமண்டுக்கும் டிப்விக்குக்கும், அமெரிக்க மத்திய பாங்கியின் முன்னாள் தலைவர் பென் பெர்னாங்கிக்கும் சேர்த்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

அதற்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கலிபோர்னியாவில் சிலிகான் வாலி பாங்கி சிக்கலில் மாட்டியது. வட்டி ஏறியதால் அதன் கைவசம் இருந்த பத்திரங்களின் விலை இறங்கியிருந்தது. நஷ்டச் செய்தி பரவியது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போயிற்று. வாசலுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. செல்போனும் கம்ப்யூட்டரும் போதுமானதாக இருந்தன! மறுநாள் பாங்கி மூடப்பட்டது.

அங்கிருந்த பணத்தில் 90 சதவீதத்துக்கு மேல், இன்ஷூரன்ஸின் இரண்டரை லட்சம் டாலர் வரம்புக்கு வெளியே இருந்தது. மார்ச் 12 ஞாயிற்றுக்கிழமை, முழுப் பணமும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சர்க்கார் அறிவித்தது. திங்கட்கிழமை காலை பணம் கொடுக்கத் தொடங்கினார்கள்.