ஆனதோத்தின் நிலமும் ஜெயங்கொண்டத்தின் நிலமும்: திருவருகைக் கால நம்பிக்கை பற்றிய ஒரு சிந்தனை

திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களிலும் நம் சபைகளில் மிகுதியாக ஒலிக்கும் சொல் 'காத்திருத்தல்' என்பதாகும். ஆயினும் எவ்வாறு காத்திருப்பது என்று நாம் விளக்குவது அரிது. ஆண்டவர் வருவார், அதுவரை பொறுத்திருங்கள் என்று முடியும் அருளுரை, நிலத்தையும் கூலியையும் இழந்து நிற்போரின் காதில், அநீதியைப் பொறுத்திருங்கள் என்றே விழும். வேதாகமம் கூறும் நம்பிக்கை அத்தகையதா? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1. காத்திருந்த நிலம்

இவ்விரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. அதினின்று அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பெரும்பகுதி மழையை நம்பிய நிலம். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விளைகிறது. மண்ணுக்கடியிலோ அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரியும் உண்டு. மேல்மண் உழவனுக்குச் சோறு. அடிமண் ஆலைகளுக்கு மூலப்பொருள். இவ்விரண்டின் இடையேதான் இப்பகுதி மக்களின் வாழ்வு அமைந்திருக்கிறது.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்கென 1990களின் பிற்பகுதியில் நில எடுப்புத் தொடங்கியது. பல சிற்றூர்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்குள் அடங்கியது. சுரங்கமும் வரவில்லை; மின்நிலையமும் எழவில்லை. இழப்பீடு போதாதென்று உழவர்கள் நீதிமன்றங்களை நாடினர். அவ்வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. கால் நூற்றாண்டு கழித்துத் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. பெரம்பலூர் மாவட்டத்திலும் திருமாந்துறை, எறையூர்ப் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கென 2000களில் எடுக்கப்பட்ட நிலம் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. ஆகவே இம்மக்களுக்குக் காத்திருத்தல் என்பது பட்டறிவு.

2. எரேமியாவின் கிரயப்பத்திரம்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு, மூன்றாண்டுச் சுற்றில் ஓராண்டு, எரேமியா 33:14-16 பாடமாக வருகிறது. தாவீதின் வம்சத்தில் நீதியின் கிளையொன்று முளைத்து, தேசத்தில் நியாயத்தையும் நீதியையும் நடப்பிக்கும் என்பது அதன் செய்தி. அதற்கு முந்திய அதிகாரத்தை நாம் சேர்த்து வாசிப்பதில்லை. வாசித்தால் அவ்வாக்குறுதி எங்கே வேர்கொண்டுள்ளது என்பது விளங்கும்.

பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கின்றனர். எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்நிலையில் உறவினன் அனாமெயேலின் ஆனதோத் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்திடுகின்றனர், வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது, பத்திரம் முத்திரையிடப்பட்டு மண்பாண்டத்தில் வைக்கப்படுகிறது. நாடு வீழப்போகிறது என்று அறிவித்தவரே இதைச் செய்கிறார். எனவே இது சூழ்நிலை அறியாத நன்னம்பிக்கை அன்று. இத்தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மீண்டும் வாங்கப்படும் என்ற இறைவாக்கை நம்பி, அவர் தம் பணத்தைச் செலவிடுகிறார். நம்பிக்கை இங்கே உணர்ச்சியாக நிற்கவில்லை, பத்திரமாக எழுதப்படுகிறது. 1964இல் நம்பிக்கையின் இறையியலை எழுதிய யூர்கன் மோல்ட்மனும், கடவுளின் வருங்காலத்தை நம்புவோர் நிகழ்காலத்தின் அநீதியோடு சமாதானமாக இருக்க இயலாது என்றே வலியுறுத்தினார்.

3. பாதி நீதி

அதே முற்றுகைக் காலத்தின் மற்றொரு நிகழ்ச்சியை 34ஆம் அதிகாரம் கூறுகிறது. சிதேக்கியா அரசனும் பெருமக்களும் உடன்படிக்கை செய்து அடிமைகளை விடுதலையாக்கினர். பின்பு மனம் மாறி அவர்களையே மீண்டும் அடிமைப்படுத்தினர். நிலம் மீட்கப்படும் என்ற நற்செய்தியின் அருகிலேயே, நிலமற்றோர் மீண்டும் ஏமாற்றப்பட்ட செய்தியும் நிற்கிறது. இது நம் கவனத்திற்குரியது.

நிலம் திரும்புகிறது என்றால் யாரிடம் திரும்புகிறது? பட்டா உள்ளவரிடம். அந்நிலத்தில் களையெடுத்தவருக்கும் முந்திரிக்கொட்டை பொறுக்கியவருக்கும் பட்டா இல்லை. அவர்களுள் பெருந்தொகையினர் தலித் மக்கள். பழைய நில எடுப்புச் சட்டங்கள் உரிமையாளரையே நோக்கின. நிலத்தை நம்பி வாழும் கூலித்தொழிலாளியையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுள் சேர்த்தது 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்னும் பொருள்பட லேவியராகமம் 25:23 உரைக்கிறது. அவ்வாறாயின் பத்திரத்தில் பெயர் இல்லாதவனும் கடவுளின் கணக்கில் உண்டு.

4. திருச்சபையின் பொறுப்பு

தமிழகத் திருச்சபைக்கு இது புதிய பணி அன்று. செங்கல்பட்டுப் பகுதியில் ஊழியம் செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய மிஷனெரிமார், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலமின்மையை அரசின் முன் எடுத்துரைத்தனர். ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை அளித்தார். 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். அவற்றுள் பல பின்னாளில் பிறர் கைக்குப் போயின. கொடுக்கப்பட்ட நீதியைக் காத்து நிற்பவர் இல்லையெனில் அது நழுவும் என்பதற்கு இது நம் நாட்டுச் சான்று.

ஆதலால் இக்காலத்தில் அருளுரை ஆற்றும் ஆயர் மூன்று காரியங்களைச் செய்தல் தகும். முதலாவது, எரேமியாவின் 32, 33, 34ஆம் அதிகாரங்களைச் சேர்த்து விளக்குதல். இரண்டாவது, தம் சேகரத்தில் நிலம் இழந்தோர், நிலமே இல்லாதோர் யாரென்று வீடுதோறும் அறிதல். சபை அங்கத்தினரை மட்டுமன்று, அனைவரையும். மூன்றாவது, மனு எழுதவும் ஆவணம் தேடவும் அலுவலகங்களுக்கு உடன் செல்லவும் சபையின் படித்த இளைஞரைப் பயிற்றுதல். சாட்சியாக நின்று கையெழுத்திட ஆனதோத் நிலத்திற்கும் ஆட்கள் தேவைப்பட்டனர்.

கன்னி மரியாளின் பாட்டு, தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் பசித்தோர் நிரப்பப்படுவதையும் ஏற்கெனவே நிகழ்ந்ததாகவே பாடுகிறது. வரப்போகும் ஆண்டவரின் நீதியை அவ்வளவு உறுதியாக நம்புகிறவர்கள் கைகட்டிக் காத்திருப்பதில்லை. பத்திரம் எழுதும் கையோடு காத்திருக்கிறார்கள்.