பழைய வீடும் நீர்க்குழாயும்

வீட்டுக்கு வயதேறுவதைக் கூரை முதலிற் சொல்லிவிடும். மாரி பிறந்ததும் ஒழுக்கு விழும், பாத்திரம் வைப்போம், வெயில் எறித்ததும் ஓடு மாற்றுவோம். சுவரிலே வெடிப்புத் தோன்றினாலும் அதைக் காணாதார் இலர். அச்சுவரின் உள்ளே ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் கிடந்து நமக்கு நீரூட்டும் குழாய் மட்டும் தன் மூப்பைப் புறத்தே காட்டுவதில்லை. அதன் நோய் முழுவதும் அகத்தேதான்.

நம்மவர் இதிலே கவனக் குறைவாயிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தார் கிணற்று நீருண்டு வளர்ந்தவர்கள். காலந் தவறாது கிணற்றை இறைத்துச் சேறு வாருவதை நம் பெரியோர் கடமையாகக் கொண்டிருந்தனர். கண்ணுக்குத் தெரியும் நீரைப் பேணும் வகையறிந்த நாம், கொழும்புக்கு வந்து குழாயைத் திறந்த அன்றே அப்பொறுப்பு நம்மை விட்டு நீங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டோம். லபுகம நீர்த்தேக்கம் 1886ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது. அந்நாள் தொட்டு நகரத்தாருக்கு நீர் தூரத்திலிருந்து வரும் பொருளாயிற்று. ஆயினும் தெருக்குழாய்தான் பிறர் பொறுப்பு. நீர்மானிக்கு இப்பாலுள்ள குழாய் ஒவ்வோர் அங்குலமும் வீட்டுக்காரருடையதே.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளிலே சுதந்திரத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகக் கட்டப்பட்ட வீடுகளுள், மாடிமனைகளுக்கு இடம்கொடாது எஞ்சி நிற்பன இன்னும் சில உண்டு. அவற்றின் சுவர்களுள் இருப்பது பெரும்பாலும் நாகமுலாம் இட்ட இரும்புக் குழாய். வேலைக்காரர் வாயிலே அது 'ஜீ.ஐ. பைப்'. உருகிய நாகத்திலே இரும்பைத் தோய்த்தெடுக்கும் இம்முறைக்குப் பிரான்சு தேசத்துச் சொரெல் என்பவர் 1837இல் உரிமை பெற்றார். இரசாயனம் கற்கும் மாணவர் இதன் நுட்பத்தை எளிதில் அறிவர். மின்னிரசாயனத் தொடரிலே நாகம் இரும்புக்கு மேலே நிற்பது. ஆகவே நீரும் ஒட்சிசனும் தாக்கும்போது நாகம் தான் முதலிற் கரைந்து இரும்பைக் காக்கும். அது காவல், ஆனால் செலவாகிக்கொண்டே போகும் காவல். ஏறக்குறைய நாற்பது ஐம்பது ஆண்டிலே நாகம் தீர்ந்துவிடும். பிறகு இரும்பின் முறை. அதிலும் குழாயை இணைப்பதற்காகப் புரி வெட்டிய இடங்களிலே முலாம் முன்னரே வெட்டுண்டு போயிருக்கும். குழாயின் கனமும் அங்கேதான் குறைவு. எனவே கறள் முதலிற் குடிபுகுவது மூட்டுக்களில்.

கறள் இரும்பைத் தின்பதோடு நிற்பதில்லை. தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு பருமனுள்ள புற்றாகக் குழாயின் உட்சுவரிலே வளரும். அரையங்குலக் குழாய் ஒன்றை அறுத்துப் பார்த்தால், பென்சில் நுழையும் துவாரமே எஞ்சியிருக்கக் காணலாம். விட்டம் பாதியானால் நீரும் பாதியாகும் என்று சொல்லும் மாணவர்கள் ஒவ்வோராண்டும் என் வகுப்பில் இருப்பர். பரப்பு நாலிலொன்றாகிறது, உராய்வும் கூடுகிறது, அமுக்கம் மாறாதிருந்தால், ஓடும் நீர் ஏறக்குறைய ஆறிலொன்றாகிவிடும். குளியலறையிலே ஒருவர் நீராடும்போது குசினிக் குழாய் நூலாக வடிவதன் கணக்கு இதுவே. இதனை உணராது நீரிறைக்கும் யந்திரம் வாங்கிப் பூட்டுவோர் உளர். நலிந்த குழாயிலே அமுக்கத்தை ஏற்றினால் அது எங்கே வெடிக்கும் என்பதுதான் கேள்வி. வெடிக்குமா என்பது அன்று.

குழாயின் நிலையை அறிவது கடினமன்று. விடியற்காலையில் முதன்முதல் திறக்கும் நீரை வெள்ளைக் கோப்பையிலே பிடித்துப் பாருங்கள். தேநீர்ச் சாயலாக வந்து சற்று நேரத்தில் தெளிந்தால், இரவு முழுவதும் நின்ற நீரிலே உங்கள் வீட்டுக் குழாய் கரைந்திருக்கிறது; எவ்வளவு ஓடவிட்டும் தெளியாதாயின் தெருக்குழாயையும் ஐயுறலாம். எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ கசிவு உண்டு. கசிவு காசை மட்டும் தின்பதென்று எண்ணவேண்டாம். தெருக்குழாயிலே நீர் நின்று அமுக்கம் தாழும் வேளைகளில், நீர் வெளியே கசிந்த அதே வெடிப்பு அயலிலுள்ள அழுக்கு நீரை உள்ளே உறிஞ்சும். வாய்க்கால் ஓரமாகச் செல்லும் குழாயாயின் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் வருவதற்கு அவ்வழி ஒன்றே போதும்.

எங்கள் ஒழுங்கையிலே அத்தகைய வீடொன்று உண்டு. கட்டியவர் காலமாகிப் பல ஆண்டுகள். மூத்த மகன் கனடாவில், இளையவர் இலண்டனில், மகளும் அவர் பிள்ளைகளும் தாயாருடன் இங்கே. குழாய் கசியும்போதெல்லாம் கசிந்த முழத்தை வெட்டிப் புதிய துண்டு பூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் குறடு பிடித்துத் திருகிய அதிர்ச்சியிலே அடுத்த மூட்டு விட்டது. ஓரிடத்திலே செப்புத் துண்டொன்றை நேராக இரும்போடு பூட்டிவிட்டுப் போனான் ஒருவன். நாகம் இழந்த இரும்பு செப்பின் அருகே எத்துணை விரைவில் அழியுமென்பதை அம்மூட்டு ஓராண்டிலேயே காட்டிற்று. ஒட்டுப் போட்டதற்கு ஆன செலவை மகள் கூட்டிப் பார்த்தபோது, முழுக் குழாயையும் மாற்றும் செலவுக்கு அது அதிகம் குறையவில்லை.

தடையாயிருந்தது பணமன்று, தாயாரின் மனம். "மாஸ்ரர், அவர் நின்று கட்டுவிச்ச சுவர். நான் கண்மூடுமட்டும் அதிலே உளி வைக்க விடமாட்டன்" என்று என்னிடமே சொன்னார். அவர் சொல்லைத் தட்டப் பிள்ளைகளுக்கு மனமில்லை; பேரப்பிள்ளைகளோ அந்நீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரை உடைத்தே குழாய் மாற்றவேண்டும் என்பது தவறான எண்ணம். பழைய குழாயை நீரினின்று துண்டித்து, இரு முனையையும் அடைத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். புதிய குழாயை வெளிச்சுவர் வழியே கொண்டுசென்று, குசினிக்கும் குளியலறைக்கும் நேரே மட்டும் துளையிட்டு உள்ளே எடுத்தால் போதும். அழகு சிறிது குறையும். ஆயினும் நாளை கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். என் கணிப்பிலே அது அழகினும் மேலானது. தாயாரும் இதற்கு இசைந்தார். மூன்று துளைகளுக்கு அனுமதி கிடைத்தது.

இக்காலத்திலே இவ்வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது பி.வி.சி. குழாய். கறள் பிடியாது, விலையும் தாழ்வு. ஆனால் வெயில் அதற்குப் பகை. ஆண்டுக்கணக்கில் சூரியன் பட்டால் நொறுங்கும் தன்மை பெறும். ஆதலின் வெளியே ஓடும் பகுதிக்கு மூடியோ நிறப்பூச்சோ இடவேண்டும். கழிவுநீருக்கான மெல்லிய குழாயை விலை கருதி வாங்கக்கூடாது. அமுக்கம் தாங்குவதற்கென்றே செய்தது வேண்டும். பசை பூசிய மூட்டுக்களை ஒருநாளாவது உலரவிட்டு, பின்னர் அமுக்கத்தோடு நீர்விட்டுச் சோதித்து, பசை மணம் அறும்வரை நீரை ஓடவிட்டபின்பே குடிக்க எடுக்கலாம். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி அடைப்பான் பூட்டுவதிலே சிக்கனம் பார்க்கலாகாது.

இனிச் சொல்வது உயிரோடு தொடர்புடையது. அவ்வீட்டிலே பழைய குழாயை வெட்டுமுன் மின்சார வேலை தெரிந்தவரொருவரை அழைத்திருந்தார்கள். அவர் மீற்றர்ப் பலகையின் கீழே, சாந்து படிந்து கிடந்த செப்புக் கம்பியொன்றைக் காட்டினார். அது அந்த இரும்புக் குழாயிலேதான் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முற்காலத்திலே வீட்டின் மின்சாரத்துக்குப் புவித்தொடுப்பாக நீர்க்குழாயையே பயன்படுத்துவது பல நாடுகளிலும் வழக்கம். இரும்பு மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓடுவதால் அது வசதியாயிருந்தது. அதை வெட்டிவிட்டு நடுவே பிளாஸ்டிக்கைப் பூட்டினால் நீர் நன்றாக வரும். விளக்கும் நன்றாக எரியும். குறை எதுவும் தோன்றாது. ஒருநாள் மின்னழுத்தியிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ மின் கசியும்போது, அது மண்ணுக்குப் போக வழியின்றி, தொட்டவர் உடலைத் தேடும். முதலில் மண்ணிலே தனிக் கோல் ஒன்று அடித்து அதிலே கம்பியைத் தொடுத்து, 'ட்ரிப் சுவிட்ச்' வேலை செய்வதையும் சோதித்த பின்னரே குழாய் வெட்டப்பட்டது. பழைய வீட்டில் குழாய் மாற்ற எண்ணுவோர், குழாய்க்காரரை அழைக்குமுன் மின்சாரக்காரரை அழைத்தல் நன்று.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஈயக் குழாயினும் மட்குழாய் வழி வரும் நீரே உடலுக்கு நல்லதென்று உரோமாபுரிச் சிற்பநூலார் வித்துரூவியஸ் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டிலேயே எழுதினார். எழுதியும் உலகம் ஈயத்தை விடவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே பிளின்ற் என்னும் நகரம் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் தன் நீரை ஓர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கிற்று. அரிப்பைத் தடுக்கும் மருந்தை அதிலே சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து குழந்தைகளின் குருதியிலே சேர்ந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. நிறமோ மணமோ அதனைக் காட்டிக்கொடா. நம் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் ஈயமல்ல. எனினும் பற்றாசிலும் பழைய நாகமுலாமிலும் ஈயம் சிறிது கலந்திருப்பதுண்டு. ஆகையால் மாற்றும் நாள் வருமளவும் காலையிலே முதல் வாளி நீரைப் பூச்செடிக்கு விடுங்கள். அதனைக் கொதிக்கவைப்பதால் கிருமி சாகும், ஈயம் போகாது.

வீட்டிலுள்ள மாணவர்கள் இதிலே ஒரு வேலை செய்யலாம். சிறு காந்தம் ஒன்றை, வெளியே தெரியும் பழைய குழாயிலே வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாது, நகத்தாற் கீறினாலும் வெள்ளிபோல் மின்னும் மென்மையுடையதாயின் ஈயம். பெரியவர்களிடம் உடனே கூறுங்கள். புதிய குழாய் ஓடும் வழியை ஒரு தாளிலே படமாக வரைந்து, எந்த அடைப்பான் எந்த அறைக்குரியதென்றும் குறித்து, வீட்டு உறுதி வைத்திருக்கும் பெட்டியிலே வைத்துவிடுங்கள். மேற்சொன்ன வீட்டிலே அப்படத்தை வரைந்தவள் பத்தாம் வகுப்பிற் படிக்கும் பேத்தி. பாட்டியார் அதனைக் கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, மூன்று துளைகளும் எங்கே என்று கேட்டாராம்.