ஓட்டலுக்கு அடியில் ஒரு ரகசியம்!

ஓட்டலில் டி.வி. ரிப்பேர் செய்பவரைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வருமா? வராதுதானே! அதைத்தான் அமெரிக்க அரசும் நம்பியது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஒயிட் சல்பர் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கந்தக ஊற்று உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்! 1778ல் மூட்டு வலியால் அவதிப்பட்ட ஒரு பெண் அதில் குளித்துக் குணமானாராம். அவ்வளவுதான், கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. 1858ல் அங்கே பெரிய ஓட்டலே எழுந்தது. இப்போதுள்ள கிரீன்பிரியர் ஓட்டல் 1913ல் திறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி, ஜப்பான் நாட்டுத் தூதர்களை இங்கேதான் காவலில் வைத்திருந்தனர். சொகுசுச் சிறை! பிறகு ராணுவம் இதை ஆஸ்பத்திரி ஆக்கியது.

ரகசியம் அதற்குப் பிறகுதான். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டுகளைக் காட்டி ஒன்றையொன்று மிரட்டிக் கொண்டிருந்த காலம். தலைநகர் வாஷிங்டனில் குண்டு விழுந்தால் பார்லிமென்ட் உறுப்பினர்கள் எங்கே போவார்கள்? கிரீன்பிரியரில் புதிய கட்டடம் கட்டுவதாகச் சொல்லி, அதன் அடியில் மலையைக் குடைந்து பாதாள மாளிகை கட்டினார்கள். வேலை 1962ல் முடிந்தது.

உள்ளே 1,100 பேர் படுக்கக் கட்டில்கள், மருத்துவமனை, மின் நிலையம், பெரிய தண்ணீர்த் தொட்டிகள். ஒரு கதவு மட்டும் 25 டன்! ஆனால், ஓர் ஆளே தள்ளித் திறக்கலாம். கீல் அவ்வளவு கச்சிதம். டி.வி. ஸ்டூடியோவில் பார்லிமென்ட் கட்டடத்தின் படத்தைப் பின்னணியாக மாட்டியிருந்தார்கள். வாஷிங்டனில் இருந்து பேசுவது போலத் தெரிய வேண்டுமே!

டி.வி. ரிப்பேர்காரர்களுக்கு வருவோம். அவர்கள் டி.வி.யையும் பழுது பார்த்தார்கள். ஆனால், உண்மையான வேலை பாதாளத்தைப் பராமரிப்பது. மருந்துகள், வடிகட்டிகள், பத்திரிகைகள்கூடப் பழசாகாமல் மாற்றி வைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பாதாளத்தின் ஒரு பெரிய ஹாலில் கம்பெனிகள் கண்காட்சியே நடத்தின. பக்கத்திலேயே மறைப்புச் சுவருக்குப் பின்னால் ராட்சதக் கதவு இருந்தது அவர்களுக்குத் தெரியாது!

ஊர்க்காரர்களில் பலர் ஊகித்திருந்தார்கள். லாரி லாரியாகக் கான்கிரீட் போனால் தெரியாதா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

1992ல் டெட் கப் என்ற பத்திரிகையாளர் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். 'நாட்டின் ரகசியத்தை வெளியிடலாமா?' என்று சிலர் கொதித்தார்கள். 'ஏவுகணை சில நிமிடங்களில் வந்துவிடும். 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருவார்கள்?' என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! ரகசியம் உடைந்ததும் அந்த இடத்தால் அரசுக்குப் பயனில்லை, கைவிட்டுவிட்டது. 30 வருடம் தயாராக இருந்தும் ஒரு நாள்கூட அது தேவைப்படவில்லை.

இப்போது டிக்கெட் வாங்கினால் நீங்களும் உள்ளே போகலாம். ஆனால், கேமரா, மொபைல் போனை வெளியே வைத்துவிட வேண்டும். ஏன் தெரியுமா? பாதாளத்தின் ஒரு பகுதியில் இப்போது கம்பெனிகளின் ரகசியத் தகவல்கள் பாதுகாக்கப்படுகின்றன!