தண்ணீர் இறங்கும் ஊர்

பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆட்சியமைப்பில் மக்களுக்கு மிக அருகில் நிற்கும் அடிநிலை அலகுக்கு 'பராங்காய்' என்று பெயர். ஊராட்சி போன்ற இந்த அலகுகள் அந்நாட்டில் ஏறத்தாழ 42,000 உள்ளன. 'பாலாங்காய்' என்னும் பழைய மரக்கலத்தின் பெயரே கரையேறிய குடிகளின் ஊருக்கும் ஆகிவந்தது என்பர். சமவெளிகளில் ஸ்பானிய ஆட்சி சிதறிக் கிடந்த குடியிருப்புகளைத் தேவாலய மணியோசை எட்டும் தூரத்துக்குள் ஒன்றுதிரட்டியதால், அங்குள்ள ஊர்கள் பெரும்பாலும் தேவாலயத்தையும் அதன் முன்னுள்ள சதுக்கத்தையும் நடுவாகக் கொண்டு வளர்ந்தன. அந்த மணியோசை நெடுங்காலம் எட்டாமலிருந்த மலைப்பகுதியில், வேறொரு நடுவைச் சுற்றி அமைந்த ஊர்களுள் ஒன்று பாத்தாட்.

லூசோன் தீவின் வடக்கே, கோர்டில்லேரா மலைத்தொடரில், இஃபுகாவோ மாநிலத்தின் பனாவே வட்டாரத்தைச் சேர்ந்தது இவ்வூர். மலைச்சரிவு அரைவட்டமாக வளைந்து அரங்கம் போல் விரிய, அதன் அடியிலிருந்து மேல்நோக்கிக் கற்சுவர் எழுப்பிய படிவயல்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. வீடுகளோ அரங்கின் அடியில் சிறு கொத்தாகக் கூடியிருக்கின்றன. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஐந்து படிவயல் தொகுதிகளுள் பாத்தாடும் ஒன்று. அங்கு வழங்கும் மொழிக்கென்றே லியோனர்ட் நியூவெல் தொகுத்த தனி அகராதி 1993இல் வெளிவந்திருப்பது, இச்சிற்றூர் அறிஞர் உலகின் கவனத்தை எவ்வளவு ஈர்த்துள்ளது என்பதற்குச் சான்று.

இவ்வயல்களின் வயதைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. அமெரிக்க மானிடவியலாளர் ஓட்லி பெயர், இவை இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று கணித்தார். பள்ளிப் பாடநூல்களிலும் பயண நூல்களிலும் நிலைபெற்றது அந்தக் கணிப்பே. ஆனால் தொல்லியலாளர் ஸ்டீபன் அக்காபாடோவும் அவருடைய குழுவினரும் பழைய கிய்யாங்கான் என்னும் ஊரிருப்பிடம் முதலிய இடங்களில் நடத்திய அகழாய்வுகளும் கரிமக் காலக்கணிப்புகளும், மலைமக்கள் முதலில் சேம்பு போன்ற கிழங்குகளையே பயிரிட்டனர் என்றும், ஸ்பானியர் வடலூசோன் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்த பிறகே, அதாவது ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குள், நெல்வயல்கள் விரைந்து பெருகின என்றும் காட்டுகின்றன. அந்நியர் பிடிக்கு அகப்படாமல் மேலேறி வந்த குடிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குச் சோறும் போட்டு, தம் சுதந்திரத்தையும் காத்துக்கொள்ள ஒரு சமூகம் சில தலைமுறைகளில் ஒரு மலைநாட்டையே வயலாக்கியது என்றால், அது இரண்டாயிரம் ஆண்டு மெல்ல மெல்ல நடந்த வேலையைவிடப் பெரிய செயல் என்றே கொள்ள வேண்டும். வயது குறைந்ததை இழப்பாகக் கருதுவோர் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

இத்தனை பெரிய வேலைக்கு ஆணையிட்ட அரசன் எவனும் இல்லை. பழைய இஃபுகாவோ சமூகத்தில் ஊர்த்தலைவன் என்ற பதவியே இருந்ததில்லை. எல்லாரையும் கட்டிப்போட்டது தண்ணீர். படிவயல்களுக்கு மேலே, உச்சியில், 'முயோங்' எனப்படும் குடும்பக் காடுகள் இருக்கின்றன. மழைநீரை உறிஞ்சி ஊற்றாகக் கசியவிடுபவை அவையே என்பதால், விறகுக்கும் வீட்டுக்கும் மரம் வெட்டுவோர் அளவறிந்து வெட்டுகின்றனர். ஊற்றிலிருந்து வாய்க்கால் வழியே மேல்வயலுக்கு வரும் நீர், வரப்பில் விட்ட மடை வழியாக அடுத்த வயலுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த வயலுக்கும் இறங்கி, கடைசியில் அடிவாரத்து ஓடையைச் சேர்கிறது. மேல்வயல்காரர் மடையை அடைத்தால் கீழ்வயல் காயும். அவருடைய சுவர் சரிந்தால் கல்லும் மண்ணும் கீழ்வயலில் வந்து விழும். எனவே ஒருவருடைய வயல் அவருக்கு மட்டும் உரியதாக இருந்துவிட முடியாது. ஒரு வயலுக்கு வழக்கமாகப் பாய்ந்துவந்த தண்ணீரை மேலேயுள்ளவர்கள் திருப்பிவிடக் கூடாது என்ற எழுதா விதியை, அமெரிக்க ஆட்சிக் காலத்தில் அம்மக்களிடையே வாழ்ந்த ராய் பார்ட்டன், 1919இல் வெளியான 'இஃபுகாவோ சட்டம்' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

தகராறுகளைத் தீர்க்கும் முறையையும் அந்நூல் விரிவாகச் சொல்கிறது. இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் 'மோன்கலுன்' என்ற நடுவராக வீட்டுக்கு வீடு நடந்து, ஒருவர் கோரிக்கையை மற்றவரிடம் கொண்டுசென்று, மிரட்டியும் இதமாகப் பேசியும் உடன்பாட்டுக்கு இழுத்து வருவார். தண்டிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இன்றைய பராங்காய் தலைவரும் உறுப்பினர்களும் தேர்தலில் வருபவர்கள். ஆயினும் அண்டை வீட்டார் வழக்கு நீதிமன்றம் போவதற்கு முன் பராங்காயிலேயே சமரசத்துக்கு வர வேண்டும் என்று 1978இல் நாடு முழுவதற்கும் இயற்றப்பட்ட சட்டத்தில், மலையூர்கள் எக்காலமும் அறிந்திருந்த வழக்கத்தின் சாயலைக் காணலாம்.

இங்கு விளையும் பாரம்பரிய நெல்லுக்குத் 'தினாவோன்' என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை விளைவது என்பது பொருள். ஆங்கில ஆண்டு முடியும் தறுவாயில் நாற்றங்காலில் விதைத்து, தை மாசி வாக்கில் நட்டு, ஆனி ஆடியில் அறுக்கிறார்கள். கதிர்களைச் சிறு கைக்கத்தியால் ஒவ்வொன்றாகக் கொய்து, கட்டுக் கட்டாகக் கட்டி, தோளில் சுமந்து வீடு சேர்க்கிறார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் கூலி ஆள் தேடுவதைவிட, இன்று ஒருவர் வயலில் உழைத்த நாளைப் பின்னொரு நாள் தம் வயலில் வசூலித்துக்கொள்ளும் மாற்றாள் முறையே வழக்கம். வீடு கட்டவும் இழவு வீட்டிலும் கணக்குப் பாராமல் கைகொடுப்பது தனி வழக்கம், அதற்குப் 'பத்தாங்' என்று பெயர்.

நெல்லைக் காக்கும் வீடும் நெல்லைப் போலவே கருத்துடன் அமைந்தது. நான்கு மரத்தூண்களின் மேல் ஒரே அறை. ஆணி ஒன்றுகூட இல்லாமல் பொருத்திய பலகைகள். சரிந்திறங்கும் புற்கூரை. ஒவ்வொரு தூணின் மேற்பகுதியிலும் வட்டமான மரத்தட்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். தூணில் ஏறிவரும் எலி அந்தத் தட்டின் அடிப்பக்கத்தை அடைந்ததும் மேலே போக வழியின்றித் திரும்பிவிடும். உள்ளே அடுப்பின் புகை, கூரையடிப் பரணில் அடுக்கிய கதிர்க்கட்டுகளை உலர்த்தி, பூச்சி அண்டாமல் வைக்கிறது. நெல்லின் காவலாக 'புலுல்' என்னும் மரச்சிலைகள் இருக்கும். 'மும்பாகி' எனப்படும் பூசாரி முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி அழைத்து, சோற்றுக் கள்ளும் பலியிட்ட கோழி, பன்றியின் குருதியும் படைப்பார்.

அறுவடையின்போதும் இறந்தோர்க்குக் காவலிருக்கும் இரவிலும் பெண்கள் தலைமையேற்றுப் பாடும் 'ஹுத்ஹுத்' என்னும் நெடும்பாடல், எழுத்தில்லாதிருந்த இச்சமூகத்தின் நூலகம் எனலாம். இருநூறுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஒன்றை முழுதும் பாட மூன்று நான்கு நாள் ஆகும். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றில் அலிகுயோன், பும்பாக்காயோன் என்னும் இரு வீரர்கள் ஆண்டுக்கணக்கில் பொருதும் வெல்ல முடியாமல், ஒருவர் திறத்தை ஒருவர் மதித்துப் பகையை விட்டு, ஒருவர் தங்கையை மற்றவர் மணக்கின்றனர். யுனெஸ்கோ 2001இல் சிறப்பித்த இப்பாடல் மரபு, கிறித்தவம் பரவியதாலும் பாடத் தெரிந்த மூதாட்டிகள் குறைந்ததாலும் மெலிந்து வருகிறது.

அதே 2001இல் படிவயல்கள் 'அழிவின் விளிம்பில் உள்ள பாரம்பரியம்' என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டு, பராமரிப்பு சீரான பின் 2012இல் நீக்கப்பட்டன. ஆனால் உள்ளூரின் சிக்கல் பட்டியலோடு தீரவில்லை. 1980களில் உணவுக்கென நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட பொன் நத்தை இளநாற்றைத் தின்கிறது. மண்புழுக்கள் வரப்பைத் துளைத்து நீரை ஒழுகவிடுகின்றன. புயல்மழை சுவரைச் சரிக்கிறது. இவற்றைவிடக் கடினமானது வாரிசுகளிடையே நேர்ந்த மாற்றம். வயலைப் பல துண்டாக்காமல், ஆணாயினும் பெண்ணாயினும் மூத்த பிள்ளைக்கே பெரும்பங்கைக் கொடுப்பது இஃபுகாவோ வழக்கம். நிலமும் அதன் சுவரும் ஒரே கையில் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று படிப்புக்காகவும் வேலைக்காகவும் பாகியோ, மணிலா நகரங்களுக்கும் கடல்கடந்தும் போகிறவர்களில் அந்த மூத்த பிள்ளைகளும் உண்டு. ஒரு வயல் தரிசானால், நீர் தேங்காத அதன் மண் வெடித்து, அடுத்த மழையில் சுவர் உப்பிச் சரிகிறது. அதைச் செப்பனிட வேண்டிய கை தொலைவில் இருப்பதால், கீழ்வயல்காரர் தம் நெல்லைக் காப்பதற்காகத் தமக்குச் சொந்தமில்லாத அந்தச் சுவருக்கு ஓடையிலிருந்து கல் சுமந்து ஏறுகிறார்.