அமைதி என்று யார் சொல்வது?

பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பை 3 மணிக்கொரு தரம் 0 முதல் 9 வரை சொல்லும் கேபி குறியெண்ணுக்கு ‘கோள் முழுமைக்குமானது’ என்று பெயர். ஆதாரம் 13 தரைநிலையங்கள். அவற்றில் 11 வடகோளத்தில். ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காவில் ஒண்ணுகூட இல்லை.

2013இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய மூன்று ஸ்வார்ம் துணைக்கோள்களோ துருவத்துக்குத் துருவம் சுற்றி, கடல் பாலை பாராமல் அளக்கின்றன. தம் சொந்தக் காந்தம் கலந்துவிடாதிருக்க அளவியை 4 மீட்டர் தண்டில் தள்ளி வைத்துக்கொண்டு. (நம் விமர்சகர்களுக்கும் இந்தக் கூச்சம் வந்தால் தேவலை.)

ஆனால் உட்கரு, பாறை, அயனிமண்டலம் எல்லாவற்றின் காந்தமும் ஒரே எண்ணாகத்தான் வந்து விழும். உட்கருவைப் பிரிக்க ‘அமைதியான’ இரவுகளை மட்டும் பொறுக்குகிறார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்: அமைதி எதுன்னு தீர்மானிக்கிற சல்லடைகளில் ஒன்று அதே கேபி. வானத்துக்கு ஏறியும் அந்த 13 நிலையங்களைக் கேட்க வேண்டியிருக்கு. சலித்துக் கொட்டிய மிச்சத்தில்தான் காந்தப்புயலைத் தேடுகிறவருக்குச் சரக்கு.