அப்பாவின் துவக்கு யாருக்கு?

பூநகரிப் பக்கம் எட்டுச் செலவு முடிந்த கையோடு காணி, மாடு, உழவு இயந்திரம் பற்றிய பேச்சு வரும். அரிதாகச் சில வீடுகளில் ஒரு பழைய துவக்கும் அந்தப் பேச்சில் சேரும். "அது அப்பான்ர, இனி மூத்தவன் வைச்சிருக்கட்டும்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். அப்படி முடித்த குடும்பம் ஒன்று அண்மையில் என்னிடம் விபரம் கேட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் வீட்டுக்குக் கொடுக்கப்படுவதில்லை. பெயர் குறிப்பிட்ட ஒரு ஆளுக்கு, குறிப்பிட்ட ஒரு துவக்குக்காகக் கொடுக்கப்படுகிறது. டிசம்பர் 31உடன் அது காலாவதியாகும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆள் இறந்தால் அனுமதியும் அவரோடு போய்விடும். பத்திரத்தில் இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று மகன் வைத்திருக்க முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்குக் கொடுத்தாலும், மகன் பெயரில் அனுமதி இல்லையென்றால் நிலைமை இதேதான்.

குழப்பம் வருவது முதுசம் என்ற எண்ணத்தால். தேசவழமைப்படி தகப்பனின் சொத்து பிள்ளைகளுக்கு வரும், துவக்கின் பெறுமதியும் அதில் சேரும். அதற்காக எல்லாப் பிள்ளைகளும் அதை வைத்திருக்கலாம் என்றில்லை. பெறுமதியில் பங்கு இருப்பது வேறு, கையில் வைத்திருக்கும் உரிமை வேறு. கனடாவில் இருக்கும் மகன் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்கலாம். ஆனால் துவக்கைத் தன் பெயரில் எடுத்து, அற்றோர்னித் தத்துவம் கொடுத்துத் தம்பியிடம் வைத்திருக்கச் சொல்ல முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? துவக்கைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பொலிசுக்குப் போகாதீர்கள். வழியில் மறித்தால் நீங்கள் அனுமதி இல்லாத துவக்கோடு நிற்கும் ஆள். முதலில் கிராம அலுவலரிடம் சொல்லி, அவரூடாகப் பொலிசுக்கு அறிவித்து, பாதுகாப்புக்கு ஒப்படையுங்கள். தொடரிலக்கத்தோடு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம். அதன் பிறகு மரணச் சான்றிதழ், பழைய அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மற்றப் பிள்ளைகளின் சம்மதக் கடிதம், காணி உறுதி அல்லது பெர்மிற் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு கிளிநொச்சி மாவட்டச் செயலகத்துக்குப் போகலாம். காணிப் பத்திரம் ஏன் என்று கேட்பீர்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எடுத்த துவக்கென்றால், பாதுகாக்கப் பயிர் இருக்க வேண்டுமே! மொட்டைக்கறுப்பன் விதைத்த வயலைப் பன்றி உழுதுவிட்டுப் போவதைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மகன் என்பதற்காக அனுமதி தானாகக் கிடைத்துவிடாது, மறுக்கவும் கூடும். கிடைக்கும்வரை துவக்கு வீட்டில் இருக்கக் கூடாது. வன்னியில் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒரு துவக்கு பிடிபட்டால், அது பன்றிக்கு வைத்திருந்ததா என்ற கேள்வி முதலில் வராது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை வீடுகளின் வாசலுக்கு வந்தது என்பது தெரிந்ததுதானே. ரிப்பீற்றர், தானியங்கித் துவக்குகளுக்கு 1996இல் திருத்திய சட்டப்படி ஆயுள் தண்டனை வரை போகலாம்.

பல வீடுகளில் இன்று நிலைமை தலைகீழ்: துவக்கு இல்லை, பத்திரம் மட்டும் இருக்கிறது. எண்பதுகளில் இயக்கங்கள் வீடு வீடாகத் துவக்குகளை வாங்கிச் சென்றதை மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பழைய பத்திரத்தைக் காட்டி இன்று இன்னொரு துவக்கு வாங்க முடியாது. புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பத்திரமும் 2008, 2009 இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பதிவு ஏதும் இருக்கிறதா என்று மாவட்டச் செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

இன்னொன்று, கிணறு வெட்டும்போதோ காணி துப்புரவாக்கும்போதோ மண்ணுக்குள் இருந்து துவக்கு வந்தால், அது தாத்தா புதைத்ததுதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் தொட வேண்டாம். கழுவிப் பார்க்கவும் வேண்டாம். பக்கத்தில் வெடிபொருள் இருக்கலாம். வேலையை அப்படியே நிறுத்தி, அயலவர் இருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கிராம அலுவலரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் ஒரு சட்டத்தரணிக்கும் அன்றைக்கே சொல்லி வையுங்கள்.