பெரிய பிள்ளைகளின் வகுப்பு எப்போது?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஃபேர்ஃபேக்ஸ் ஒரு சின்ன ஊர். 1925-இல் அங்கே பிறந்த மரியா டால்சீஃப், பள்ளிக்கூட வயதை எட்டும்போதே பாயின்ட் ஷூ மாட்டிக்கொண்டு விரல்நுனியில் நின்றாள். வெளியூரிலிருந்து வந்து கற்றுக்கொடுத்த டீச்சர் அப்படித்தான் பழக்கியிருந்தார். 1933-இல் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே எர்னஸ்ட் பெல்ச்சர் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தபோதுதான், பிள்ளைக்கு அடிப்படையே போடப்படவில்லை என்பது தெரிந்தது. கற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கால் கெட்டுப்போகாமல் தப்பியதே அதிசயம் என்று டால்சீஃப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர்தான் பின்னாளில் நியூயார்க் சிட்டி பாலேயின் நட்சத்திரம். 1954-இல் ஜார்ஜ் பாலன்ஷைன் அமைத்த ‘நட்கிராக்கர்’ பாலேயில் சுகர் பிளம் தேவதையாக ஆடியவர்.

டால்சீஃபின் அம்மாவுக்கு அக்கறை குறைவில்லை. தம் மகள்களை மேடையேற்ற வேண்டும் என்று துடித்தவர் அவர். நல்ல பயிற்சி எது, மோசமான பயிற்சி எது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்றைய அமெரிக்கப் புறநகர் ஊர்களில் ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பல் மருத்துவமனைக்கும் பீட்ஸா கடைக்கும் நடுவே, கண்ணாடிக் கதவில் நடனமணியின் நிழலுருவம் ஒட்டிய ஒரு கடை இருக்கும். உள்ளே ரோஜா நிறப் பாவாடையில் பத்துக் குழந்தைகள், வெளியே காபியோடு பெற்றோர். குழப்பம் என்னவென்றால், ‘பாலே’ என்ற பலகையை அங்கே யார் வேண்டுமானாலும் மாட்டலாம். பாலே கற்றுத்தர உரிமம் எதுவும் தேவையில்லை. பிரான்ஸில் நிலைமை வேறு: சம்பளம் வாங்கிக்கொண்டு பாலே கற்றுத்தருகிறவர் அரசுப் பட்டயமோ அதற்கு ஈடான தகுதியோ பெற்றிருக்க வேண்டும் என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் அந்தச் சோதனையைப் பெற்றோரேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது தரை. கடைகளின் தரை பெரும்பாலும் கான்கிரீட். அதன்மேல் ஓடு பதித்தாலும் வினைல் விரித்தாலும் கான்கிரீட் கான்கிரீட்தான். குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும். ஒழுங்கான ஸ்டூடியோவில் பலகைக்கு அடியில் மரச்சட்டங்களோ ரப்பர் திண்டுகளோ வைத்துத் தரையைத் தூக்கியிருப்பார்கள். அதற்கு மேல்தான் வழுக்காத வினைல் விரிப்பு. அதை மார்லி என்பார்கள். குதிகாலால் ஓங்கித் தட்டினால் தரை மெல்லக் கொடுத்து வாங்குவது தெரியும். “அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். செலவு செய்து தரை போட்டவர்கள் ஆசையாகவே விளக்குவார்கள்.

அடுத்தது பாயின்ட் ஷூ. அதன் நுனிக்குள் மரக்கட்டை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாரம்பரியமான ஷூவில் இருப்பது துணியும் காகிதமும் பசையும் அடுக்கி இறுக்கிய கூடுதான். உடம்பின் முழு எடையையும் அந்தச் சின்ன நுனியில் தாங்க வேண்டும். பாத எலும்புகளோ பதின்பருவத்தின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் பொறுப்பான ஆசிரியர்கள் சில ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, பெரும்பாலும் 11, 12 வயதையொட்டித்தான் அனுமதிப்பார்கள். அப்போதும் கணுக்கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளின் பலத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே சோதிப்பார்கள். “எட்டு வயதிலேயே போட்டுவிடுவோம்” என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில், டால்சீஃப் கதை நினைவுக்கு வர வேண்டும்.

பாடமுறையையும் விசாரிக்கலாம். ரஷ்யாவின் வாகனோவா, இத்தாலியரான செக்கெட்டியின் முறை, 1920-இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் பாடத்திட்டம் எனப் பல உண்டு. புறநகர் வகுப்புக்கு எது உயர்ந்தது என்ற விவாதம் தேவையில்லை. படிப்படியான திட்டம் ஒன்று இருக்கிறதா என்பதே முக்கியம். ராயல் அகாடமி தேர்வென்றால் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து மதிப்பிடுவார். பாலே தெரியாத பெற்றோருக்கு அது ஒரு துணை.

பணக் கணக்கு மாதக் கட்டணத்தோடு முடிவதில்லை. பதிவுக் கட்டணம், ஆண்டு நிகழ்ச்சிக்கு உடை, சில இடங்களில் சொந்தப் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கவே டிக்கெட். போட்டிகளுக்குக் குழு அனுப்பும் ஸ்டூடியோ என்றால் நுழைவுக் கட்டணமும் வெளியூர் ஹோட்டலும் சேரும். அங்கே வாரத்தில் எத்தனை மணி அடிப்படைப் பயிற்சி, எத்தனை மணி போட்டி ஒத்திகை என்று கேட்டுவிட வேண்டும்.

மூன்று வயதில் சேர்க்காவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்பதும் வீண் பதற்றம். அந்த வயது வகுப்பு தாளத்துக்கு ஓடுவதும் குதிப்பதும்தான். முறையான பயிற்சி எட்டு வயதுவாக்கில் தொடங்கினால் போதும். மிஸ்டி கோப்லாண்ட் முதல் பாலே வகுப்புக்குப் போனது 13 வயதில். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவில், சிறுவர் மன்றம் ஒன்றின் கூடைப்பந்து உள்ளரங்கில். அங்கே கற்றுத்தந்த ஆசிரியை அவரைத் தம் சிறிய பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். 2015-இல் கோப்லாண்ட் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பின முதன்மைப் பெண் நடனமணியானார். அப்படிப்பட்ட திறமை அபூர்வம். ஆனால் அதைக் கண்டுகொண்ட கண் இருந்தது ஒரு சிறிய உள்ளூர்ப் பள்ளியில்.

அந்தக் கண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தைகள் வகுப்பைப் பார்த்தால் தெரியாது. மூன்று வயதில் எல்லாக் குழந்தையும் அழகு. வரவேற்பு மேசையில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, “பெரிய பிள்ளைகளின் வகுப்பு எப்போது? கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா?” என்பதுதான். அங்கே பல ஆண்டு இருந்தால் பிள்ளை என்னவாகும் என்பது 13, 14 வயதுக்காரர்களின் காலில்தான் தெரியும்.

அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கும் ‘பிளியே’ செய்யும்போது முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே நிற்கிறதா? பரதநாட்டிய அரைமண்டியைப் போல இங்கும் கால் வெளிப்புறம் திரும்ப வேண்டும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் உள்ளே சரிந்து முறுக்கிக்கொள்ளும். அதை ஆசிரியர் கவனிக்கிறாரா, உட்கார்ந்தபடியே எண்ணிக்கை சொல்கிறாரா? முன்வரிசைப் பெண்ணிடம் மட்டுமல்லாமல், மூலையில் நிற்கும் தடுமாறும் பையனிடமும் போய்த் திருத்துகிறாரா? திருத்தும்போது உடம்பின் பருமனைக் கேலி செய்கிறாரா?

கடைசியில் குதிப்புகள் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்கலாம். பாதத்தை நுனிவிரலிலிருந்து குதிகால் வரை உருட்டி இறங்கப் பழகிய பிள்ளைகள், பதினைந்து பேர் ஒன்றாகக் குதித்தாலும் பியானோ இசையை அமுக்கிவிடமாட்டார்கள்.